கிளவுஸ் கிய்ஞ்சா ஆறுமா

அய்ய, இன்னுமா அந்த கவர கிய்க்கல நீ? சோபா வாங்கினு வந்து ஒரு தீவாளியே போயிடுச்சி. குந்துனா சரக்கு சரக்குனு கத்துது. தொடையெல்லாம் வேர்த்து ஒட்டிக்கினு, எய்ந்துக்க சொல்லோ தோலயே உரிக்குது. சிரிக்காத கோமளா, மெய்யாலுமே சொல்றேன். புதுசாவே வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற? நீ குந்தாத சோபாவுல உம் மருமவ வந்து கால நீட்டி படுத்துப்பா, பாத்துக்கினே இரு.

உன்ன மாரியே ஒருத்தி இருந்தா. உன்ன மாரின்னா, நீயெல்லாம் அவ கிட்டயே வர முடியாது. பேரு வாணாம், போய்ச்சேந்துட்டவ. கும்மிடிப்பூண்டில கம்பெனிங்களுக்கு நடுவுல ஒரு கார்ப்பெட் கய்வுற ஷெட்டு கீதுல்ல, நான் முன்ன வேன்ல ஏறி போய்க்கினு இருந்தனே, அங்க சூப்பர்வைசரு. ஊத்துக்கோட்டக்காரி. அப்பன நைனா நைனான்னுவா. சூப்பர்வைசருன்னா இன்னாமோ சேர் போட்டு குந்தினு இருப்பான்னு நெனச்சிக்காத. எங்களோட எங்களா முட்டி வரைக்கும் பொடவய தூக்கி சொருவிக்கினு தண்ணில நிப்பா. ஒரே ஒரு வித்யாசம் இன்னான்னா, இடுப்புல ஒரு சாவி. பீரோ சாவி. அத்தொட்டு நாங்க அவள பீரோக்காரின்னுதான் சொல்லுவோம், அவ அந்தாண்ட போனப்புறமா.

அந்த பீரோவ பத்தி சொல்லணும்னா மொதல்ல அந்த வேலைய சொல்லணும். கார்ப்பெட்டுன்னா நம்மூட்டு வாசல்ல போடற மிதியடி இல்லடி. ஓட்டல்ல போடறது, ஆபீஸ்ல போடறது, கல்யாண மண்டபத்துல மாப்ள நடந்து வர சொல்லோ விரிக்கிறது. லாரில சுருட்டினு வந்து எறக்குவானுங்க. மொதல்ல மண்ண தட்டணும். ஒரு ஓட்டல் கார்ப்பெட்ட தட்டுனா வர்ற மண்ணுல ரெண்டு ரோஜா தொட்டி வெக்கலாம். அப்பால செமெண்டு தரையில விரிச்சி, தண்ணி அடிச்சி, சோப்பு மருந்து ஊத்தி, பிரஷ் மிஷின உட்டு தேய்ச்சி, பலகையால தண்ணிய வழிச்சி, நாலு பேரு சேந்து தூக்கி பைப்பு மேல போடணும். காய்ஞ்சி கெடக்க சொல்லோ ஒரு ஆளு சுருட்டி தூக்கலாம். ஈரமாச்சின்னா, சேத்துல உயுந்த எருமைய தூக்கற மாரி. என் இடுப்பு போனது அங்கதான். நீ இன்னாமோ எம் புள்ளைய பெத்ததுல போச்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற.

அதுல ஒரு தமாசும் உண்டு. யாரூட்டு கல்யாணத்துல இன்னா போட்டான்னு கார்ப்பெட்ட பாத்தே சொல்லிடுவேன். பால்பாயசம், வெத்தல, சந்தனம், கொயந்த ஒன்னுக்கு போனது. ஒரு தபா ஒரு பல்செட்டு கெடச்சிது. எந்த பெருசு வாய பொத்திக்கினு ஊட்டுக்கு போச்சோ! அதையும் பீரோக்காரி கய்வி, ஒரு கவர்ல போட்டு வெச்சா. "தேடிகினு வருவாங்க ஆயா, பாவம்"ன்னா, என்ன ஆயான்னுதான் கூப்புடுவா. யாரும் வரல. ஆனா அவ தூக்கி போடல. அவ கைல ஒன்னு போச்சின்னா அது பத்ரம். அதான் அவ.

கறைக்கு ரெண்டு மருந்து. மஞ்ச கறைக்கு வெள்ள மருந்து, நம்ம பஞ்சாயத்துல கொட்டுவாங்களே பிளீச்சிங் பவுடரு, அந்த நாத்தந்தான். அப்பால கலரு மங்கக்கூடாதுன்னு கடசில ஊத்தறது புளிப்பு மருந்து, ஆசிட்டு சேந்தது. ரெண்டும் தோலுக்கு ஆவாது. நான் போய் சேந்து கொஞ்ச நாள்லயே வெரல் இடுக்குல தோலு வெந்து வெள்ளையா உரிஞ்சி வந்துச்சி. சோத்துல கொயம்பு ஊத்தி பெசைய முடியல, எரியுது. ஸ்பூன்ல துன்னேன் நானு, தொரசானி மாரி.

அந்த ஷெட்டு வாசல்லயே கண்ணாடி போட்ட பீரோ. உள்ள பாத்தா அல்லாம் கீது. ஆரஞ்சு கலர்ல முழங்கை வரைக்கும் கிளவுஸு. கருப்பு கம்பூட்ஸு. கண்ணுக்கு கண்ணாடி. மூஞ்சிக்கு மாஸ்க்கு, நாம கொரோனாவுக்கு கட்டனமே துணி, அது இல்ல, ரப்பர்ல மூக்க மூடி ரெண்டு பக்கம் டப்பி வெச்சி, பன்னி மூஞ்சி மாரி இருக்கும். அல்லாம் பிளாஸ்டிக் கவரோட, வரிசயா, கொலு வெச்ச மாரி. தெனம் காலைல வந்து மொத வேலையா கண்ணாடிய தொடைப்பா. மேல ஒரு குங்குமப் பொட்டு.

நான் போய் கைய காட்டனேன். "யம்மா, ஒரு ஜோடி கிளவுஸு குடும்மா. பாரு, தோல் கயண்டுகினு வருது"ன்னேன்.

எங் கைய புட்சி இப்பிடி அப்பிடி திருப்பி பாத்தா. உச்சு கொட்னா. மெய்யாலுமே கண்ணுல தண்ணி வந்துடுச்சி அவளுக்கு. அப்பால சொல்றா, "கை கிய்ஞ்சா ஆறும் ஆயா. கிளவுஸ் கிய்ஞ்சா ஆறுமா?"

இன்னாடி சொல்லுவ இதுக்கு? தேவின்னு ஒரு பொண்ணு, பழவேற்காட்டு மீன்காரங்க ஊட்டு பொண்ணு, வாயாடி, அவ பின்னாலருந்து சொல்றா, "ஆயா, நீ செத்தப்புறமா அந்த கிளவுஸ உனுக்கு மால போடுவாங்க, கவலப்படாத"ன்னு. பீரோக்காரிக்கும் சிரிப்பு வந்துடுச்சி. "கம்முனு இருடி"ன்னு அவள அடிக்க கை ஓங்கினு போனா.

ஆனா அன்னிக்கு சாயங்காலம் வேன் ஏற சொல்லோ அவளே தேங்கா எண்ண கிண்ணத்தோட வந்து நின்னா. அல்லாரையும் கைய நீட்ட சொன்னா. அவங்க ஊட்டு எண்ண. ஒவ்வொருத்தி கையையும் புட்சி, வெரல் இடுக்கு இடுக்கா தடவி உட்டா. அன்னிக்கி மட்டும் இல்ல, அன்னிலருந்து தெனமும். எங்கம்மா கூட எனுக்கு அப்பிடி தடவுனது இல்ல கோமளா. திட்டலாம்னு பாத்தா இப்பிடி பண்ணுவா. எப்பிடி திட்டறது?

அவ கெட்டவ இல்ல, அதான் பேஜாரே. அந்த பிரஷ் மிஷினு கரெண்டு மிஷினு. நிக்கறது தண்ணில, ஒயரு கெடக்கறது தண்ணில, கால்ல செருப்பு கெடையாது. அப்பப்ப சுர்ருனு இழுக்கும். அவ இன்னா பண்ணுவான்னா, காலைல நாங்க தொடறதுக்கு முன்ன அவ வந்து ஸ்விச்ச போட்டு, பொறங்கையால மிஷின தட்டி பாப்பா. ஒரு தபா இழுத்து, எகிறி போய் செவுத்துல முட்டிக்கினா. எய்ந்து வந்து, "இன்னிக்கு இத தொடாதீங்கம்மா, ரிப்பேரு"ன்னா. பீரோவுல ரப்பர் பூட்ஸு தூங்குது. அவ ஒடம்ப செலவு பண்ணுவா, பொருள செலவு பண்ண மாட்டா.

ஏன் இப்பிடின்னு கேட்டதுக்கு ஒரு நாள் சொன்னா. மொதலாளி அந்த சாமானெல்லாம் வாங்கியாந்து எறக்கன அன்னிக்கி, இவள கூப்ட்டு சாவிய குட்த்து, "வெல ஜாஸ்திம்மா, பத்ரமா பாத்துக்க, ஒன்ன நம்பித்தான் குடுக்கறேன்"னாராம். அவ்ளோதான். அதுக்கப்புறம் அந்தாளு அந்த பீரோ பக்கம் திரும்பி கூட பாக்கல. போடாதீங்கன்னும் சொல்லல, போடுங்கன்னும் சொல்லல. யாருகிட்ட குடுத்தா பீரோ தொறக்காதுன்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. இவளுக்கோ, ஒன்ன நம்பித்தான்னு யாருமே அது வரைக்கும் சொன்னது இல்ல. புருசன் சொல்லல, நைனா சொல்லல.

பீரோ தொறக்கறது வருசத்துல ரெண்டு வாட்டி. ஒன்னு, பெரிய ஓட்டல்காரங்க, வெளிநாட்டு கம்பெனிக்காரங்க செக்கிங்கு வர சொல்லோ. அன்னிக்கி பாக்கணுமே எங்கள! கல்யாண பொண்ண அலங்காரம் பண்ற மாரி பண்ணுவா. ஒவ்வொருத்திக்கும் அவளே மாட்டி உடுவா. எனுக்கு குட்த்த பூட்ஸு யாரோ ஆம்பளைக்கு செஞ்சது, உள்ள எங் காலு ரெண்டும் போய் இன்னும் ஒரு பூனக்குட்டி போடலாம். நடந்தா நானு முன்னால போறேன், பூட்ஸு பின்னால வருது. தேவி அந்த பன்னி மூஞ்சி மாஸ்க்க போட்டுக்கினு, செக்கிங்கு தொர அந்தாண்ட திரும்புன உடனே எங்கிட்ட வந்து உர்ரு உர்ருங்கறா. எனுக்கு சிரிப்ப அடக்க முடியாம ஒன்னுக்கே வந்துடுச்சி.

அந்த தொர பீரோவயும் பாத்தாரு, எங்களயும் பாத்தாரு. "எங்க போனாலும் பழசா, கிய்ஞ்சி கெடக்குது. இங்கதான் அல்லாம் புதுசா மெயிண்டன் பண்றீங்க"ன்னு தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் எடுத்து சொன்னாரு. பீரோக்காரி மூஞ்சிய பாக்கணுமே. சாமிக்கு சூடம் காட்ன மாரி ஜொலிக்குது. வருசம் பூரா அதையே சொல்லிக்கினு இருந்தா. ஒரு பயலுக்கு, அது ஏன் புதுசா கீதுன்னு கேக்க தோணல பாரு.

அவங்க கார் ஏறன உடனே அல்லாத்தையும் கயட்டி வாங்கிடுவா. சோப்பு போட்டு கய்வுவா. வெயில்ல போடமாட்டா, ரப்பரு வெறச்சிடுமாம், நெழல்ல காய வெப்பா. கொயந்தைக்கு போடற பவுடர உள்ள தூவுவா. கவர்ல போட்டு உள்ள வெச்சி அந்துருண்ட போட்டு பூட்டுவா.

இன்னொரு வாட்டி, ஆயுத பூஜைக்கு. மிஷினுக்கு பொட்டு வெப்பாங்க, லாரிக்கு மால போடுவாங்க, அல்லா எடத்துலயும் உண்டு. இவ மட்டும் அந்த மாஸ்க்குக்கெல்லாம் கவர் மேலயே சந்தனம் குங்குமம் வெச்சி, பொரி கடல வெச்சி, பூசணிக்கா ஒடச்சி கும்பிடுவா. தேவி கேட்டா, "யக்கா, வேல செய்யற சாமானுக்குத்தான் பூஜ. இது எப்ப வேல செஞ்சிது?" அல்லாரும் சிரிச்சோம். பீரோக்காரி மட்டும் சிரிக்கல. "ஆபத்துக்கு வெச்சிகீது. ஆபத்து வந்தா தெரியும்"ன்னா.

வந்துச்சி.

அது ஒரு ஐப்பசி மாசம். பொயுது விடியறதுக்கே மய. பொயல் வருதுன்னு டிவில நெல்லூரு பக்கம் கைகாட்டிக்கினு இருந்தாங்க. ஷெட்டுல காயப்போட்ட கார்ப்பெட்டு மேல சாரல் அடிக்குதுன்னு ஷட்டர எறக்கி உட்டுட்டோம். ஜன்னலயும் அடச்சாச்சி. உள்ள லைட்டு போட்டுக்கினு வேல.

ஒரு பக்கம் ஒரு மண்டபத்து வெள்ள கார்ப்பெட்டு. ஆரத்தி தண்ணிய யாரோ அப்பிடியே கவுத்துட்டாங்க, மஞ்சளா தேங்கி போயிகீது. அதுக்கு வெள்ள மருந்து ஊத்திக்கினு நானும் இன்னும் ரெண்டு பேரும். அந்த கோடில ஓட்டல் கார்ப்பெட்டு, நீலம். அத முடிச்சி புளிப்பு மருந்து ஊத்தி வழிச்சிக்கினு இருந்தாங்க. எப்பவும் அப்பிடித்தான். அந்த தண்ணியும் இந்த தண்ணியும் நடுவுல ஒரு காவா கீது, அதுல எறங்கி ஒரு குழில உயுந்து வெளில ஓடிடும். ஓடிக்கினே இருந்தா ஒன்னும் இல்ல.

அன்னிக்கி ஓடல. வெளில மயத்தண்ணி எதுத்துக்கினு நிக்குது. உள்ள குழில கார்ப்பெட்டு பஞ்சு அடச்சிக்கினு கீது. தெனம் ஒரு கூட பஞ்சு வரும் கோமளா, தல மயிரு மாரி சிக்கு சிக்கா. அத கையால வாரி போடறது தேவி வேல. அவதான் ஒல்லி, குழில எறங்குவா. காவாத்தண்ணி பொங்கி கணுக்கால் வரைக்கும் நிக்குது. வெள்ள மருந்தும் புளிப்பு மருந்தும் அங்க ஒன்னா நிக்குதுன்னு எங்க யாருக்கும் தோணல. நாங்க ஒன்னு மேல ஒன்னு ஊத்தலியே. அது அதுவா போய் சேந்துகிச்சி.

தேவி எறங்குனா. "யக்கா, இன்னா இது கண்ணு எரியுது"ன்னு ஒரு கொரல் வந்துச்சி. அப்பால இருமல். அப்பால ஒன்னும் இல்ல.

எனுக்கு நெஞ்சுல யாரோ கைய உட்டு புடிச்ச மாரி. மொளகா வறுக்கற நெடி இல்ல, அதுல தும்மல் வரும். இதுல மூச்சே உள்ள போவல. லைட்டு வெளிச்சத்துல பாத்தா குழி மேல லேசா பச்சையா, மஞ்சளா பொக மாரி. "ஷட்டர தூக்குங்கடி!"ன்னு பீரோக்காரி கத்தறா. நாங்க ஓடி போய் ஷட்டர தூக்கறோம், அது பாதில நின்னுக்கினு வரமாட்டேங்குது. குனிஞ்சி வெளிய போய் மயைல நின்னு மூச்சு வாங்கறோம்.

அவ வெளிய வரல. பீரோவாண்ட ஓடுனா. அத நான் கண்ணால பாத்தேன். சாவிய போட்டு தொறந்து, அந்த மாஸ்க்க எடுத்து, கவர கிய்க்கிறா. வாயால கடிச்சி கிய்க்கிறா. உள்ளருந்து மாஸ்க்கு வரல. ரப்பரு பிசினா போயி கவரோட ஒட்டிக்கினு கீது. இஸ்தா சவ்வு மாரி நீளுது. இன்னொன்ன எடுத்தா, அதுல வாரு தொட்ட உடனே பொடியா உதுந்துச்சி. நடுவுல ரெண்டு மூணு வருசமா செக்கிங்கும் வரல, அந்த தகர ஷெட்டு சூட்டுலயே கெடந்துச்சி. கைல அந்த கருப்பு பிசினோட ஒரு நிமிசம் நின்னா பாரு, அவ மூஞ்சிய நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். தேவிய விட அவள பாத்துதான் எனுக்கு அழுக வந்துச்சி.

அப்பால அத போட்டுட்டு, துண்ட தண்ணில நனச்சி மூஞ்சில சுத்திக்கினு குழில எறங்கிட்டா. தேவி அக்குள்ள கைய குட்த்து இஸ்தாந்து, ஷட்டருக்கு கீய தள்ளி உட்டா. நாங்க இந்தாண்டருந்து இஸ்துக்கினோம். தேவிக்கு வாயில நொர. ஆனா மூச்சு கீது. பீரோக்காரியும் வெளிய வந்துட்டா. வந்து மயைல குந்திக்கினா. பொயச்சிட்டா, தெரிதா? வெளிய வந்துட்டா அவ. நான் அவ முதுவ தேய்ச்சிக்கினு, "ஒன்னும் இல்ல கண்ணு, ஒன்னும் இல்ல"ன்னு சொல்லிக்கினு கீறேன். அவ இடுப்ப தடவி பாக்கறா. சாவி இல்ல.

"பீரோ தொறந்து கீது ஆயா"ன்னா.

"நாசமா போவட்டும் பீரோ"ன்னேன். கைய புடிச்சேன். எங்களுக்கு தெனம் எண்ண தடவுன கையி, மயத்தண்ணில வழுக்கிக்கினு போயிடுச்சி. குனிஞ்சி மறுபடியும் உள்ள பூந்துட்டா. அல்லாரும் கத்தறோம், வாடி வாடின்னு. உள்ள பீரோ கதவு டப்புனு மூடற சத்தம் கேட்டுச்சி. பூட்டு திருவற சத்தம் கேட்டுச்சி. அதுக்கப்புறம் இருமல். அப்பிடி ஒரு இருமல நான் கேட்டதே இல்ல.

லாரி டிரைவரு போய் இஸ்தாந்தான். சாவிய கைல இறுக்கி புட்சிக்கினு இருந்தா. ஆஸ்பத்திரில நர்சு வெரல பிரிச்சி எடுத்தாங்களாம்.

ரெண்டு நாளு ஷெட்டு மூடி இருந்துச்சி. அப்பால ஆபீசருங்க வந்தாங்க. பீரோவ கண்ணாடி வயியா எட்டி பாத்தாங்க. அவதான் அந்த அவசரத்துலயும் அல்லாத்தையும் உள்ள திணிச்சி பூட்டிட்டாளே, வெளிலருந்து பாத்தா கவர் கவரா அடுக்கி வெச்ச மாரிதான் கீது. "சாமான் அல்லாம் குடுத்துதானே கீறாங்க, நீங்க ஏம்மா போடல?"ன்னு எங்கள கேட்டாங்க. மொதலாளி அந்தாண்ட நின்னுக்கினு, "அதான் சார், எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாங்க"ன்னாரு. யாரு இன்னா பதில் சொல்றது? சாவி யார்கிட்டன்னு சொன்னா அவளத்தான் காட்டி குடுக்கணும். படுத்துக்கினு கெடக்கறவள.

தேவி பொயச்சிக்கினா. இப்ப பழவேற்காட்டுல எறா உரிக்கறா. அடுப்பு பொக பட்டா இருமுவா, மத்தபடி வாய் மட்டும் அப்பிடியே கீது.

பீரோக்காரி பொயக்கல. ஆனா உடனே போவல. அதான் கொடும. நான் ஊத்துக்கோட்டைக்கு பஸ் புட்சி போய் பாத்தேன். சாத்துக்குடி வாங்கினு போனேன். கட்டில்ல தலவாணி அடுக்கி அதுல சாஞ்சிக்கினு கீறா. படுத்தா மூச்சு முட்டுதாம். ஒரு வார்த்த சொல்லுவா, நிறுத்துவா, மூச்சு வாங்குவா, அடுத்த வார்த்த சொல்லுவா. ஒடம்பு கருவாடா போயிடுச்சி.

நான் இன்னாமோ தேவிய கேப்பான்னு பாத்தா, "ஆயா... நெழல்லதான... காய வெச்சேன்"ங்கறா. "பவுடர்... போட்டேன். எப்பிடி... ஒட்டிக்கிச்சி?"

"ரப்பரு அப்பிடித்தான் கண்ணு. போட்டாலும் போவும், போடாட்டியும் போவும்"ன்னேன்.

அதுக்கு ஒரு பார்வ பாத்தா. அய்யோ. சொல்லியிருக்க கூடாது போல. ஆனா வேற எப்பிடி சொல்றது?

அவ தங்கச்சி அங்கருந்து சொல்றா, "பெரிம்மா, நீயாச்சும் சொல்லு. ஆஸ்பத்திரில மூச்சுக்கு இழுக்கற மருந்து குட்த்தாங்க, தெனம் காலைல சாயங்காலம் இழுக்க சொன்னாங்க. இவ தொடமாட்டேங்கறா"ன்னு. எங்கடி அதுன்னு கேட்டேன். அலமாரில, சாமி படத்துக்கு பின்னால, கவர் கூட பிரிக்காம கீது. "ரொம்ப... முடியலன்னா... போட்டுக்கலாம்னு... வெச்சிகீறேன். தீந்துடும் ஆயா"ங்கறா.

எனுக்கு வந்துச்சே ஒரு கோவம். நானே போய் எடுத்து கவர பல்லால கிய்ச்சி, அந்த தங்கச்சிய உட்டு எப்பிடி அமுக்கறதுன்னு கேட்டு, அவ வாயில வெச்சி, "இயுடி கய்த, இயு!"ன்னு கத்துனேன். கொயந்த மாரி இஸ்தா. கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கினு இருந்தா. அப்பால மூச்சு கொஞ்சம் சுளுவா வந்துச்சி. சிரிச்சா. "ஸோக்கா கீது ஆயா"ன்னா, ஒரே மூச்சுல. அந்த ஒரு வார்த்தய நிறுத்தாம சொன்னா பாரு, எனுக்கு உசுரே வந்துச்சி. பொயச்சிப்பான்னு நெனச்சேன்.

தெனம் இயுக்கணும்னு எந் தல மேல கை வெக்க சொல்லி சத்தியம் வாங்கினு வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்த தங்கச்சி கூட வந்தா. "நீ வாசல தாண்டறதுக்குள்ள அத வாங்கி தொடச்சி, வேற கவர்ல போட்டு வெச்சிட்டா பெரிம்மா"ன்னு சொன்னா.

தை மாசம் சேதி வந்துச்சி. நான் போவல. இடுப்பு வலின்னு சொன்னேன்.

ஷெட்டு இன்னும் ஓடுது. இன்னா ஓடாம? கல்யாணம் நிக்குதா, ஓட்டல் நிக்குதா? புது சூப்பர்வைசரு வந்துகீறான், ஆம்பள. அவன் பீரோவ பூட்டறதே இல்லியாம். யாரு வோணும்னாலும் எடுத்துக்கலாம், புதுசா வாங்கி வெச்சிகீறாங்களாம். எவளும் எடுக்கறது இல்ல. கிளவுஸு போட்டா கை வழுக்குது, மாஸ்க்கு போட்டா வேர்க்குது, வேல ஓட மாட்டேங்குது, வேல ஓடலன்னா அவன் கத்தறான். இத யாரு எனுக்கு சொன்னாங்கன்னு கேளேன். எம் மருமவ. பின்ன, போன மாசத்துலருந்து அவதான் அங்க போறா. நான் தலயால தண்ணி குட்ச்சேன், வாணாம் வாணாம்னு. "பக்கத்துல வேற எந்த கம்பெனில அத்த கூப்பிடறான், வேன் நம்ம தெரு மொனைக்கே வருது"ங்கறா. அவ சொல்றதும் ஞாயந்தான். பீரோக்காரி கதய பூரா அவளுக்கு சொன்னேன், உனுக்கு சொன்ன மாரியே. கேட்டுக்கினு இருந்துட்டு, "பாவம் அத்த அந்தம்மா"ன்னா. அவ்ளோதான். காலைல எய்ந்து டிபன் பாக்ஸ எடுத்துக்கினு போயிட்டா.

அவ கைய பாத்தேன் முந்தாநேத்து. வெரல் இடுக்குல ஆரம்பிச்சிடுச்சி.

தோ, ஆர்ன் அடிக்கறான் பாரு, வேன் வந்துடுச்சி. நான் போறேன்டி. சுடுதண்ணி வெக்கணும். அவ வந்த உடனே அந்த மருந்து பொடவையோட அப்பிடியே கைக்கொயந்தய தூக்கி மார்ல போட்டுக்குவா, அதுவும் மோந்து மோந்து பாத்துக்கினே பால் குடிக்கும். குளிச்சிட்டு தூக்குடின்னா, பசிக்குதே அத்தங்கறா. அடுப்புல நெருப்பு புடிக்கறதுக்குள்ள வந்துடுவா. வுடு, வுடு, டீ வாணாம், அப்பால வந்து குடிக்கறேன்.